சரித்திரப் படங்கள்: தியேட்டர் வெர்ஷனா, டைரக்டர்ஸ் கட்டா? டிஸ்க் வாங்குபவர்களுக்கான இழை

ரீல்பெட்டி:

ஒரே சரித்திரப் படத்துக்கு இரண்டு மூன்று வெர்ஷன் கிடைத்தால் எதை வாங்குவது என்று தனிமடலில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பொதுவிலேயே பேசிவிடலாம் என்று இந்த இழை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அட்டையில் "டைரக்டர்ஸ் கட்" (இயக்குநர் தன் விருப்பப்படி தொகுத்த வெர்ஷன்) என்று போட்டிருக்கிறது என்பதற்காக எதையும் வாங்காதீர்கள். கத்திரி போட்டதில் யார் காணாமல் போனார் என்று பாருங்கள். ஒரு ஆளே காணாமல் போயிருந்தால் நீள வெர்ஷன் வேண்டும். நாலு காட்சி மட்டும் போயிருந்தால் தியேட்டர் வெர்ஷனே போதும்.

ஆள் காணாமல் போன படத்துக்கு முதல் உதாரணம் ரிட்லி ஸ்காட்டின் 'கிங்டம் ஆஃப் ஹெவன்'. 2005இல் தியேட்டருக்கு வந்தபோது 144 நிமிடம். அந்த வருடக் கடைசியில் லாஸ் ஏஞ்சலஸில் சத்தமில்லாமல் ஒரு தியேட்டரில் ஓட்டிவிட்டு, 2006இல் நாலு டிஸ்க் டிவிடியாக வந்த வெர்ஷன் 194 நிமிடம்.

தியேட்டர் வெர்ஷனில் தொழுநோயாளி அரசன் நான்காம் பால்ட்வின் இறக்கிறான். உடனே சகோதரி சிபில்லா வழியாக அவள் கணவன் 'கை' (Guy) அரியணை ஏறிவிடுகிறான். அப்புறம் சிபில்லா பித்துப் பிடித்தவள் மாதிரி கண்ணாடி முன் உட்கார்ந்து முடியை வெட்டிக்கொள்கிறாள். ஏன் என்று படம் சொல்வதில்லை. பார்க்கிற நமக்கு, "இந்த அம்மாவுக்கு என்ன ஆச்சு?" என்றுதான் தோன்றும்.

நீள வெர்ஷனில் அவளுக்கு ஒரு மகன் இருக்கிறான். பால்ட்வினுக்குப் பிறகு அந்தச் சிறுவன்தான் ராஜா. ஒரு ஆவணத்துக்கு முத்திரை வைக்கும்போது சூடான மெழுகு அவன் கையில் சொட்டுகிறது. பையன் கையை இழுத்துக்கொள்ளவே இல்லை. சிபில்லா அதைப் பார்க்கிறாள். வசனம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. மாமனுக்கு வந்த நோய் மகனுக்கும் வந்துவிட்டது. முகமூடிக்குள் அழுகிப்போன சகோதரனைப் பார்த்தவள் அவள். மகனை மடியில் கிடத்தி அவன் காதில் விஷத்தை ஊற்றுகிறாள். முடி வெட்டும் காட்சி இதற்குப் பிறகு வருகிறது. அதே ஷாட், அதே நடிகை ஈவா கிரீன். ஆனால் அடிவயிற்றில் ஏதோ செய்கிறது.

கதாநாயகன் பேலியன் பக்கமும் அப்படித்தான். தியேட்டர் வெர்ஷனில் கிராமத்துக் கொல்லன் ஒருவன் திடீரென்று ஜெருசலேம் கோட்டையைக் காக்கும் தளபதி ஆகிவிடுகிறான். நீள வெர்ஷனில் அவன் முன்பே போருக்குப் போனவன், முற்றுகை எந்திரங்கள் தெரிந்தவன் என்று ஆரம்பத்திலேயே வந்துவிடுகிறது. அவன் கொல்லும் பாதிரியார் அவனுடைய சொந்த சகோதரன் என்பதும் இதில்தான் தெரியும்.

---

கல்வெட்டுப்பித்து:

படமாக நீங்கள் சொல்வது சரி, ரீல்பெட்டி சார். ஆனால் நீள வெர்ஷன் பார்த்துவிட்டு "இதுதான் உண்மையான சரித்திரம்" என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால்தான் எரிச்சல் வருகிறது. ஐம்பது நிமிடம் கூடியதில் சரித்திரத்திலிருந்து இன்னும் கொஞ்சம் விலகித்தான் போயிருக்கிறது.

ஐந்தாம் பால்ட்வின் என்ற சிறுவன் உண்மை. 1186இல் சிறுவனாகவே இறந்ததும் உண்மை. அவனுக்குத் தொழுநோய் இருந்தது, தாய் விஷம் வைத்தாள் என்பதெல்லாம் திரைக்கதை. பேலியன் பிரான்ஸிலிருந்து வந்த கொல்லன் இல்லை. அந்த நாட்டிலேயே வேரூன்றிய இபெலின் பிரபுக் குடும்பத்து ஆள். அவர் மனைவி மரியா கொம்னேனா, முந்தைய அரசர் அமால்ரிக்கின் விதவை. அதாவது சிபில்லாவுக்குச் சிற்றன்னை முறை. படத்தில் காதலர்களாக வருகிறவர்கள் நிஜத்தில் என்ன உறவு என்று பாருங்கள்!

சிபில்லாவின் நிஜக் கதை இரண்டு வெர்ஷனையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். அவள் கணவன் 'கை'யைப் பிடிக்காத பிரபுக்கள், அவனை விவாகரத்து செய்தால்தான் முடிசூட்டுவோம் என்கிறார்கள். சரி என்கிறாள், ஒரே நிபந்தனையோடு: அடுத்த கணவனை நானே தேர்ந்தெடுப்பேன். ஒப்புக்கொள்கிறார்கள். முடிசூட்டு விழாவில் மகுடத்தைக் கையில் எடுத்து, மறுபடியும் அதே 'கை'யையே கணவனாக அறிவித்து அவன் தலையில் வைக்கிறாள். கடைசிவரை அவனோடுதான் இருந்தாள். 1190இல் ஏக்கர் நகர முற்றுகையின்போது பாளையத்தில் நோய் வந்து இறந்தாள். இதை எந்த எடிட்டரும் வெட்டவில்லை, யாரும் எடுக்கவே இல்லை.

---

ரீல்பெட்டி:

அருமை. அந்த முடிசூட்டுக் காட்சியை எடுத்திருந்தால் கூட்டம் கைதட்டியிருக்கும்.

ஆனால் நான் சொல்வது படத்துக்குள் இருக்கும் நியாயம். ஒரு ஆள் ஏன் இப்படிச் செய்கிறான் என்று படம் தன் அளவில் சொல்கிறதா? சரித்திரத்துக்குப் புத்தகம் இருக்கிறது.

---

ஈரோட்டுக்காரன்:

உங்கள் அளவுகோலை வைத்து ஆலிவர் ஸ்டோனின் 'அலெக்சாண்டர்' எதில் சேரும் சொல்லுங்கள் அண்ணா. மனுஷன் நாலு வெர்ஷன் விட்டிருக்கிறார்.

2004 தியேட்டர்: 175 நிமிடம். 2005 டைரக்டர்ஸ் கட்: 167 நிமிடம். ஆமாம், குறைவுதான். பதினேழு நிமிடத்தை எடுத்துவிட்டு ஒன்பது நிமிடத்தைச் சேர்த்தார். 2007இல் 'ரீவிசிட்டட்' என்று 214 நிமிடம். அதன் அட்டையில் "ஃபைனல்" என்று வேறு போட்டிருந்தது. பிறகு 2014இல் 'அல்டிமேட் கட்' என்று ஒன்று, 206 நிமிடம் சொச்சம்.

"டைரக்டர்ஸ் கட் என்றால் நீளமாக இருக்கும்" என்று நம்பி அந்த 2005 டிஸ்கை வாங்கியவர்களில் நானும் ஒருவன். விமர்சகர்கள் திட்டிய பயத்தில் சுருக்கியதுதான் அது.

2007 வெர்ஷன் வேறு படம். காட்சி கூடியது ஒரு பக்கம், வரிசையே மாறிவிட்டது. காகமேலா போர் தியேட்டரில் ரொம்ப நேரம் கழித்து வரும். இதில் ஆரம்பத்திலேயே வந்துவிடுகிறது. அதற்கப்புறம் வென்றவனின் பயணம் ஒரு தடத்திலும், அம்மா ஒலிம்பியாஸ், அப்பா பிலிப்போடு வளர்ந்த காலம் இன்னொரு தடத்திலுமாக மாறி மாறிப் போகிறது. பாபிலோனில் ஒரு காட்சி, உடனே மாசிடோனியாவில் அதற்குப் பதில் மாதிரி இன்னொன்று. தியேட்டரில் இவன் ஏன் இப்படி அழுதுகொண்டே இருக்கிறான் என்று சலித்துக்கொண்ட நான், இதில் கொஞ்சம் இரக்கப்பட்டேன். நடுவில் முறையான இடைவேளையும் உண்டு.

ஒரு விஷயம் எந்த வெர்ஷனிலும் மாறாது. ஜீலம் ஆற்றங்கரையில் போரஸின் யானைப் படையோடு நடக்கும் சண்டை, தாய்லாந்தில் எடுத்தது. அலெக்சாண்டர் குதிரையை யானைக்கு எதிரே எழுப்பி நிறுத்துகிற ஷாட், அவன் விழுந்ததும் காடு முழுக்கச் சிவப்பாகிவிடுகிற அந்தக் கிறுக்குத்தனம். அதற்காகவே நான் ப்ளூ-ரே வைத்திருக்கிறேன்.

---

நிழலரசி:

நாலில் ஒன்று வாங்குவதென்றால் எது? சீக்கிரம் சொல்லுங்கள், பட்ஜெட் ஒன்றுக்குத்தான்.

---

ஈரோட்டுக்காரன்:

2007 அல்லது 2014. இரண்டில் எது கிடைத்தாலும் சரி. இரண்டையும் சேர்த்து வாங்க வேண்டாம் அக்கா, காசு வீண்.

---

டெக்தம்பி:

வெர்ஷன் பற்றியே பேசுகிறீர்கள், டிரான்ஸ்ஃபர் (ஃபிலிமை டிஸ்குக்கு மாற்றுவது) பற்றி யாரும் பேசவில்லையே! 'கிளாடியேட்டர்' கதை தெரியுமா?

தியேட்டர் 155 நிமிடம், எக்ஸ்டெண்டட் (நீட்டிய வெர்ஷன்) 171. இரண்டையும் ஒரே டிஸ்கில் வைத்து 2009இல் ப்ளூ-ரே வந்தது. முதல் ஜெர்மானியப் போர்க் காட்சியில் ரோமானியர்கள் நெருப்பு அம்புகளை விடுவார்கள் அல்லவா? சில ஃபிரேம்களில் அம்புகளே இல்லை. பழைய மாஸ்டரை எடுத்து, தூசியும் கீறலும் நீக்கும் மென்பொருளை ஓட்டியிருக்கிறார்கள். அது பறக்கிற அம்பைக் கீறல் என்று நினைத்துத் துடைத்துப் போட்டுவிட்டது. கிரெய்ன் (ஃபிலிமின் இயல்பான பொடிப்புள்ளிகள்) மொத்தமாக வழித்தெடுக்கப்பட்டு எல்லார் முகமும் மெழுகு பொம்மை.

வேடிக்கை என்னவென்றால், எக்ஸ்டெண்டட் வெர்ஷனில் மட்டும் வரும் காட்சிகள் புதிதாக ஸ்கேன் செய்யப்பட்டவை. அவை மட்டும் பளிச்சென்று இருக்கும். தகவலை மறைத்த இரண்டு காவலர்களைப் பேரரசன் கொமோடஸ் நிறுத்தி வைத்து அம்பெய்து கொல்லச் செய்யும் காட்சி வரும்போது திடீரென்று படம் தெளிவாகிவிடும். அது முடிந்ததும் பழையபடி மங்கல். வெட்டிய காட்சி எது என்று பட்டியலே வேண்டாம், கண்ணே சொல்லிவிடும். ரசிகர்கள் ஸ்கிரீன்ஷாட் போட்டுக் கிழித்த பிறகு 2010இல் புது டிரான்ஸ்ஃபரோடு மாற்று டிஸ்க் வந்தது. 2018இன் 4கே டிஸ்கில் இந்தத் தொல்லை கிடையாது. செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்கள் முதல் ப்ளூ-ரேயா இல்லையா என்று அம்புகளைப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

---

ரீல்பெட்டி:

'கிளாடியேட்டர்' பற்றி ஒன்று சேர்க்கிறேன். அந்த எக்ஸ்டெண்டட் வெர்ஷன் முன்னுரையில் ஸ்காட்டே வந்து, தியேட்டரில் ஓடியதுதான் என் டைரக்டர்ஸ் கட் என்று சொல்லிவிடுவார். 16 நிமிடம் கூடியதில் புதிதாக ஒரு ஆள் கிடைக்கவில்லை. கொமோடஸ் தந்தையின் சிலையை வாளால் வெட்டுகிற காட்சி வாக்கீன் ஃபீனிக்ஸுக்காகப் பார்க்கலாம். அவ்வளவுதான். அதே இயக்குநர், அதே மாதிரி படம். ஒன்றில் நீளம் தேவை, இன்னொன்றில் தேவையில்லை.

---

டெக்தம்பி:

இன்னொரு குழப்பம் அடிக்கடி வரும். "என் டிவிடியில் 186 நிமிடம்தான் காட்டுகிறது, எட்டு நிமிடம் வெட்டிவிட்டார்கள்" என்று புலம்புவார்கள். பால் (PAL) என்ற டிவி முறைக்கான டிவிடி நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும். ஃபிலிம் 24. படம் நாலு சதவீதம் வேகமாக ஓடுகிறது, காட்சி ஒன்றும் குறையவில்லை. 194 நிமிடம் 186 ஆகும், 155 நிமிடம் 149 ஆகும். குரலும் கொஞ்சம் கீச்சென்று இருக்கும், பழகிவிட்டால் தெரியாது. ப்ளூ-ரேயில் இந்தச் சிக்கல் இல்லை.

ரீஜனும் (எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்ற குறியீடு) பாருங்கள். இந்தியா டிவிடிக்கு ரீஜன் 5, ப்ளூ-ரேக்கு சி. அமெரிக்க டிஸ்க் 1, ஏ. பூட்டு போட்ட அமெரிக்க டிஸ்கை நம்மூர் பிளேயர் எடுக்காது. 4கே டிஸ்குகளுக்கு ரீஜன் பூட்டே கிடையாது, எங்கிருந்தும் வரவழைக்கலாம்.

---

நிழலரசி:

'டிராய்' பற்றி நான் சொல்கிறேன். தியேட்டர் 162 நிமிடம், 2007 டைரக்டர்ஸ் கட் 196. நகரம் எரியும் பகுதி இன்னும் கொடூரமாக இருக்கும். ஆரம்பத்தில் செத்துக் கிடக்கும் எஜமானனைத் தேடி ஒரு நாய் வரும். அதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் பி.ஜி.எம்.மில் கை வைத்துவிட்டார்கள்! ஹெக்டரும் அகிலஸும் மோதும் காட்சி தியேட்டரில் எப்படி இருக்கும்? வெறும் தாளம். கேடயத்தில் ஈட்டி படும் சத்தமும் மூச்சும்தான். டைரக்டர்ஸ் கட்டில் அந்த இடத்தில் டேனி எல்ஃப்மேன் வேறொரு குரங்குப் படத்துக்குப் போட்ட இசையை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். எனக்கு அந்தச் சண்டையே போய்விட்டது.

இந்தப் படத்துக்கு இசையில் முதலிலிருந்தே சாபம். கேப்ரியல் யாரெட் பெரிய பாடகர் குழுவை வைத்து முழு இசையும் முடித்துக் கொடுத்திருந்தார். சோதனைக் காட்சியில் யாரோ நாலு பேர் பழைய பாணி என்று சொன்னார்களாம். தூக்கிப் போட்டுவிட்டு ஜேம்ஸ் ஹார்னரைக் கூப்பிட்டு அவசர அவசரமாகப் போட வைத்தார்கள். பிறகு டைரக்டர்ஸ் கட்டில் ஹார்னரும் பாதி போச்சு. நான் தியேட்டர் வெர்ஷனைத்தான் வைத்திருக்கிறேன். உங்கள் "காணாமல் போன ஆள்" கணக்கில் இசைக்கு இடம் உண்டா, ரீல்பெட்டி?

---

ரீல்பெட்டி:

இடம் கொடுத்துத்தான் ஆகவேண்டும் போலிருக்கிறது. 'டிராய்' தியேட்டர் வெர்ஷன் பக்கம் போகட்டும்.

---

பழைய_ஆபரேட்டர்:

இளைஞர்கள் எல்லாம் 2000க்கு அப்புறம் வந்த படங்களையே பேசுகிறீர்கள். படத்தைச் சுருக்குவது அந்தக் காலத்திலேயே உண்டு. நம்மூரில் படம் இழுக்கிறது என்று பேச்சு வந்தால் இரண்டாவது நாளே பெட்டியில் பதினைந்து நிமிடம் குறைந்துவிடும். அங்கேயும் அதேதான்.

'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' 1962 டிசம்பரில் லண்டனில் வந்தபோது 222 நிமிடம். ஒரு மாதத்துக்குள் இருபது நிமிடம் போச்சு. 70களின் தொடக்கத்தில் மறுபடி வெளியிட்டபோது 187 நிமிடம்தான் மிச்சம். ஒரு தலைமுறை அந்த 187ஐத்தான் காவியம் என்று கொண்டாடியது.

1980களின் கடைசியில் ராபர்ட் ஹாரிஸ் என்ற மீட்பாளர் உட்கார்ந்து வெட்டிப்போட்ட துண்டுகளைத் தேடிச் சேர்த்தார். படம் கிடைத்தது, பல இடங்களில் ஒலி கிடைக்கவில்லை. பீட்டர் ஓ'டூல், அலெக் கின்னஸ், ஆண்டனி குவின் எல்லாரும் வந்து கால் நூற்றாண்டுக்கு முந்தைய தங்கள் உதட்டசைவுக்குத் தாங்களே குரல் கொடுத்தார்கள். ஜெனரல் அல்லென்பியாக நடித்த ஜாக் ஹாக்கின்ஸ் 1973லேயே இறந்துவிட்டார். அவருக்கு சார்லஸ் கிரே பேசினார். அப்புறம் என்ன நடந்தது தெரியுமா? டேவிட் லீன் தம் பழைய எடிட்டர் ஆன் கோட்ஸை உட்கார வைத்துக்கொண்டு, மீட்டதிலேயே கொஞ்சம் நறுக்கினார். அதனால் 1989இல் வந்த டைரக்டர்ஸ் கட் முதல் நாள் ஓடியதைவிடச் சற்றுக் குறைவு. எல்லாத் துண்டும் கையில் கிடைத்தும் வேண்டாததை வெட்டத் துணிந்த மனுஷன். நான் மதிக்கிற டைரக்டர்ஸ் கட் இந்த ஒன்றுதான்.

50ஆம் ஆண்டுக்காக 2012இல் நெகட்டிவை 8கேயில் ஸ்கேன் செய்தபோது, ஃபிலிம் மேல் பூச்சில் மெல்லிய வெடிப்புகள் தெரிந்தனவாம். பாலைவன வெயில் கேமராவுக்குள் புகுந்து செய்த வேலை. அதை ஃபிரேம் ஃபிரேமாகச் சரிசெய்தார்கள். அந்த ப்ளூ-ரேயைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

---

கல்வெட்டுப்பித்து:

அதே ஹாரிஸ்தான் 'ஸ்பார்ட்டகஸ்' மீட்பிலும் இருந்தார், இல்லையா ஐயா? நத்தையும் சிப்பியும் பற்றிப் பேசும் குளியல் காட்சி.

---

பழைய_ஆபரேட்டர்:

ஆமாம் தம்பி, 1991. தணிக்கைக்காக 1960இல் எடுத்துவிட்ட காட்சி. அதற்கும் ஒலி இல்லை. டோனி கர்ட்டிஸ் தமக்குத் தாமே பேசிவிட்டார். லாரன்ஸ் ஒலிவியர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவருக்கு ஆண்டனி ஹாப்கின்ஸ் குரல். தெரிந்துகொண்டு கேட்டாலும் வித்தியாசம் பிடிபடாது. 2010 ப்ளூ-ரே வேண்டாம், முகமெல்லாம் வழித்துவிட்டது. 2015இல் வந்ததை வாங்குங்கள்.

---

ஈரோட்டுக்காரன்:

சீனப் படம் பக்கமும் ஒரு எச்சரிக்கை. ஜான் வூவின் 'ரெட் கிளிஃப்' ஆசியாவில் இரண்டு பாகமாக வந்தது, சேர்த்தால் 288 நிமிடம். மேற்கு நாடுகளுக்கு 148 நிமிடமாக ஒரே படம். பாதிக்குப் பாதி! பெயர்கள் குழப்பும் என்று தொடக்கத்தில் ஆங்கிலத்தில் ஒருவர் கதைச் சுருக்கம் வேறு வாசிப்பார். சாவ் சாவின் படை, சுகே லியாங்கின் தந்திரம் எல்லாம் முழுதாகப் பார்க்க இரண்டு பாகத்தையும் வாங்குங்கள். அட்டை ஒரே மாதிரி இருக்கும், பின்பக்கம் நிமிடத்தைப் பாருங்கள்.

---

நிழலரசி:

ஸ்காட்டின் 'நெப்போலியன்'? 2023 தியேட்டர் வெர்ஷன் 158 நிமிடம். மனைவி ஜோசஃபின் வருவாள், சண்டை போடுவாள், காணாமல் போய்விடுவாள். 2024 ஆகஸ்டில் 205 நிமிட வெர்ஷன் ஆப்பிள் டிவி பிளஸில் வந்தது. அவளுக்குக் கூடுதல் இடம் இருக்கிறது. ஸ்ட்ரீமிங்கில் போட்டுவிட்டால் போதுமா? நாளைக்கு அவர்கள் எடுத்துவிட்டால் நாம் யாரைப் போய்க் கேட்பது? 'கிங்டம் ஆஃப் ஹெவன்' தியேட்டரில் தோற்றும் இன்று பேசப்படுவது அந்த நாலு டிஸ்க் பெட்டி பலர் வீட்டு அலமாரிக்குப் போனதால்தான்.

---

கல்வெட்டுப்பித்து:

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 205 நிமிடத்திலும் நெப்போலியன் பிரமிடு மேல் பீரங்கி சுடுகிறாராமே. அதை எந்த வெர்ஷனில் வெட்டுவார்கள்?

---

டெக்தம்பி:

கடைசியாக ஒரு எதிர் உதாரணம். பெர்டோலுச்சியின் 'தி லாஸ்ட் எம்பரர்'. தியேட்டர் 163 நிமிடம், 218 நிமிட வெர்ஷன் ஒன்றும் உண்டு. பல கடைகளில் அதை டைரக்டர்ஸ் கட் என்று எழுதி விற்கிறார்கள். அது டிவிக்காக நீட்டியது. இயக்குநர் 163தான் தம்முடையது என்று சொன்னவர். 2008இல் கிரைட்டீரியன் என்ற டிஸ்க் நிறுவனம் விட்ட பெட்டியில் இரண்டும் இருந்தன. ஆனால் ஒளிப்பதிவாளர் விட்டோரியோ ஸ்டொராரோ 2:1 விகிதத்தில்தான் (உயரத்தைப்போல் இரு மடங்கு அகலம்) வரவேண்டும் என்று அடம்பிடித்தார். தியேட்டரில் அகலமாகப் பார்த்த படத்தின் இரண்டு ஓரமும் போய்விட்டது. தடைசெய்யப்பட்ட நகரத்தின் முற்றத்தில் ஆயிரக்கணக்கானோர் வரிசையாக மண்டியிடும் ஷாட்டில், வரிசையின் இரு நுனியும் இல்லை. நிமிடத்தில் வெட்டினால் நாமெல்லாம் கத்துகிறோம், பக்கவாட்டில் வெட்டினால் யாரும் கவனிப்பதில்லை.

---

நிழலரசி:

சரி, 'கிளியோபாட்ரா' 1963? ஆறு மணி நேர வெர்ஷன் இருக்கிறது என்று ஒரு கடைக்காரர் சத்தியம் செய்கிறார்.

---

பழைய_ஆபரேட்டர்:

இயக்குநர் மேன்கிவிட்ஸ் ஆசைப்பட்டது அதுதான், அம்மா. சீசர் ஒரு படம், ஆண்டனி ஒரு படம், ஆளுக்கு மூன்று மணி நேரம். ஸ்டுடியோ விடவில்லை. முதல் காட்சி நாலு மணி நேரத்துக்கு மேல், பிறகு 192 நிமிடமாகச் சுருக்கி ஊர் ஊராக அனுப்பினார்கள். ஆறு மணி நேரத்துக்கான ஃபிலிம் முழுசாக யார் கையிலும் கிடைக்கவில்லை. கடைக்காரர் டிஸ்கை வேண்டுமானால் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். 2013இல் வந்த ப்ளூ-ரேயில் நாலு மணி நேர வெர்ஷன் இருக்கிறது. இரண்டு டிஸ்காக வரும், இடைவேளையில் எழுந்து மாற்ற வேண்டும்.